9 பேரில் 6 பேர் சொன்ன தீர்ப்பு: பாகவதரை ஜெயிலுக்கு அனுப்பிய கொலை வழக்கு

திண்டுக்கல்,-

பரபரப்பான வழக்கில் தீர்ப்பு வருகிற நாள் என்றால், திண்டுக்கல் காமராஜர் பஸ் நிலையத்து டீக்கடைகளில் கூட்டம் கலைய நேரமாகும். போலீஸ் கேசை ஜோடித்துவிட்டது என்பார் ஒருவர். அரசு வக்கீல் கோட்டை விட்டுவிட்டார் என்பார் இன்னொருவர். பூட்டுப் பட்டறைக்குப் போகிறவரும் நிலக்கோட்டைக்கு பூ எடுக்கப் போகிறவரும் அந்த கொஞ்ச நேரத்துக்கு நீதிபதிகள்தான்.

டீக்கடையில் சொல்லும் தீர்ப்பால் யாரும் ஜெயிலுக்குப் போக மாட்டார்கள். ஆனால் ஒரு காலத்தில் சட்டம் படிக்காத சாதாரண மனிதர்கள் 9 பேரை கோர்ட்டில் உட்கார வைத்து, இவன் குற்றவாளியா இல்லையா என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னதை வைத்து தண்டனையும் கொடுத்தார்கள். அதற்குப் பெயர் ஜூரி.

அந்த ஜூரி முன்பு கைகட்டி நின்றவர்களில் ஒருவர், தமிழ்நாடே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய எம்.கே.தியாகராஜ பாகவதர். அவருடைய கதை இது.

வீட்டை விட்டு ஓடிய சிறுவன்

பாகவதர் பிறந்தது மாயவரத்தில், 1910-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி. பொற்கொல்லர் குடும்பம். அப்பா கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி. பிழைப்புக்காக குடும்பம் திருச்சிக்கு வந்தது.

பையனுக்கு படிப்பு ஏறவில்லை. பாட்டு, பாட்டு, எந்நேரமும் பாட்டுதான். ஒருநாள் வீட்டை விட்டே ஓடிவிட்டான். அப்பா தேடாத இடம் இல்லை. கடைசியில் ஆந்திராவில் கடப்பையில் பாடிக் கொண்டிருந்தவனை கண்டுபிடித்து அழைத்து வந்தார்.

திருச்சியில் எப்.ஜி.நடேச அய்யர் நடத்திய ரசிக ரஞ்சனி சபாவின் அரிச்சந்திரா நாடகத்தில், பாம்பு கடித்து இறக்கும் சிறுவன் லோகிதாசன் வேடம் கிடைத்தது. அப்போது வயது 10 இருக்கும். மதுரை பொன்னு அய்யங்காரிடம் சங்கீதம் கற்றார். பிறகு மேடைக் கச்சேரி, அதன் பிறகு பவளக்கொடி நாடகம். 1934-ல் அதே பவளக்கொடி சினிமாவாக வந்தது. முதல் படத்திலேயே பாகவதர் ஜெயித்துவிட்டார்.

பணம் குவிந்த கொட்டகைகள்

1937-ல் வந்த சிந்தாமணி படம் தமிழ்நாட்டையே ஒரு கலக்கு கலக்கியது. படத்தை எடுத்த மதுரை ராயல் டாக்கீஸ்காரர்கள் வந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி, அதற்கு சிந்தாமணி என்று பெயர் வைத்தார்கள். திண்டுக்கல் அப்போது தனி மாவட்டம் அல்ல. 1985-ல்தான் பிரிந்தது. அதுவரை மதுரை ஜில்லாதான். அந்த தியேட்டரில் படம் பார்த்த கதையை சொல்லும் பெரியவர்கள் இந்தப் பக்கமும் உண்டு.

அடுத்து அம்பிகாபதி, திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி. எல்லாம் பாட்டுக்காகவே ஓடிய படங்கள். பாபநாசம் சிவன் பாட்டு எழுத, பாகவதர் பாடினால் கொட்டகையில் ஊசி விழுந்தாலும் சத்தம் கேட்கும். பட்டு ஜிப்பா, காதில் வைரக் கடுக்கன், தோள் வரை தொங்கும் முடி. அந்த முடி வெட்டுக்கே பாகவதர் கிராப்பு என்று பெயர் வந்தது.

1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் வந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் 1944, 1945, 1946 என்று மூன்று தீபாவளியை பார்த்த படம் அது.

ஆனால் அந்த மூன்று தீபாவளியில் இரண்டை பாகவதர் ஜெயிலில் கழித்தார்.

வேப்பேரியில் விழுந்த கத்திக்குத்து

சென்னையில் சி.என்.லட்சுமிகாந்தன் என்று ஒருவர் இருந்தார். போலி பத்திர வழக்கில் தண்டனை பெற்று அந்தமான் வரை போய் வந்தவர். 1943-ல் சினிமா தூது என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். நடிகர், நடிகைகளின் அந்தரங்க விஷயங்கள் என்று சொல்லி வாரா வாரம் எழுதினார். உண்மை எது, கட்டுக்கதை எது என்று யாருக்கும் தெரியாது. பத்திரிகை மட்டும் சூடாக விற்றது. வாங்கிப் படித்தவர்கள் சாதாரண ஜனங்கள்தான்.

பாகவதர், நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணன், கோவை பட்சிராஜா ஸ்டூடியோ அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தார்கள். பத்திரிகையின் லைசென்ஸ் ரத்தானது. லட்சுமிகாந்தன் அடங்கவில்லை. இந்து நேசன் என்ற பத்திரிகையை கையில் எடுத்துக் கொண்டு மறுபடியும் எழுத ஆரம்பித்தார்.

1944 நவம்பர் 8-ந் தேதி. வேப்பேரியில் வக்கீல் ஒருவரை பார்த்துவிட்டு லட்சுமிகாந்தன் ரிக்ஷாவில் திரும்பிக் கொண்டிருந்தார். வழியில் மறித்து கத்தியால் குத்தினார்கள். பொது ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பலன் இல்லை. மறுநாள் இறந்து போனார்.

லட்சுமிகாந்தனுக்கு எதிரிகள் ஒருவர், இருவர் அல்ல. அவர் பேனாவில் அடிபட்டவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் கவர்னரிடம் மனு கொடுத்தவர்கள் மேல்தான் பேச்சு திரும்பியது. டிசம்பர் கடைசியில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். ஸ்ரீராமுலு நாயுடுவும் சேர்க்கப்பட்டார். ஹரிதாஸ் படம் ஹவுஸ் புல்லாக ஓடிக் கொண்டிருந்த நேரம் அது. பாகவதருக்கு வயது 34.

அப்ரூவர் வந்தார்

பாகவதர் கையில் கத்தி இருந்ததாக அரசு தரப்பு சொல்லவில்லை. கூலிக்கு ஆள் வைத்து குத்த ஏற்பாடு செய்தார், சதியில் பங்கு இருக்கிறது என்பதுதான் வழக்கு.

சதி என்பது நாலு சுவருக்குள் பேசுகிற பேச்சு. அதற்கு வெளி ஆள் சாட்சி கிடைப்பது கஷ்டம். அதனால் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரையே அரசு தரப்பு தன் பக்கம் கொண்டு வந்தது. அவருக்கு மன்னிப்பு கொடுத்து சாட்சிக் கூண்டில் ஏற்றியது. இவரைத்தான் அப்ரூவர் என்கிறோம்.

அப்ரூவர் வைப்பது சட்ட விரோதம் அல்ல. இன்றும் அந்த வழி சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. தன் கழுத்தில் இருக்கும் கயிறு கழன்றால் போதும் என்று நினைக்கிறவன், அடுத்தவன் கழுத்தில் அதை மாட்ட தயங்க மாட்டான். அரசு தரப்புக்கு எது பிடிக்குமோ அதை சொல்லவும் செய்வான்.

அந்தக் காலத்து சாட்சிய சட்டத்திலேயே இதற்கு எச்சரிக்கை உண்டு. கூட்டாளி சாட்சியை வைத்து தண்டிக்கலாம் என்று ஒரு பிரிவு சொன்னது. முக்கியமான விஷயங்களில் வேறு ஆதாரம் துணைக்கு வராவிட்டால் அவனை நம்பத் தகாதவன் என்று கருதலாம் என்று இன்னொரு பிரிவு சொன்னது. இரண்டையும் சேர்த்து வைத்து எடை போட வேண்டியது ஜூரியின் வேலை.

6-க்கு 3

வழக்கு சென்னை ஐகோர்ட்டில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் நடந்தது. எதிரிகள் தரப்பில் பம்பாயில் இருந்து கே.எம்.முன்ஷியே வந்து வாதாடினார். கோர்ட்டு வளாகத்தில் ஜனங்கள் அலைமோதினார்கள். பாகவதரை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று வந்தவர்கள் பாதி. அவர் தூக்கில் தொங்குவாரா என்று தெரிந்து கொள்ள வந்தவர்கள் பாதி.

ஜூரிகள் 9 பேர். இவர்களும் அதே ஊரில் வாழ்கிற ஆட்கள்தான். பாகவதர் பாட்டையும் கேட்டிருப்பார்கள். அவரைப் பற்றிய வம்பையும் கேட்டிருப்பார்கள். காதில் விழுந்ததை எல்லாம் மறந்துவிட்டு, கோர்ட்டில் வந்த சாட்சியை மட்டும் வைத்து முடிவு சொல்லுங்கள் என்று சட்டம் அவர்களிடம் கேட்டது. சொல்வது சுலபம். செய்வது சுலபமா?

தீர்ப்பு வந்தது. 6 பேர் குற்றவாளி என்றார்கள். 3 பேர் ஒத்துக் கொள்ளவில்லை.

இந்த 6 என்ற எண்ணிக்கையில்தான் பாகவதரின் தலையெழுத்தே இருந்தது. ஐகோர்ட்டில் நடக்கும் ஜூரி விசாரணையில், 9 பேரில் குறைந்தது 6 பேர் ஒரே முடிவுக்கு வர வேண்டும், நீதிபதியும் அதை ஏற்க வேண்டும் என்பது அன்றைய விதி. 6 பேர் சேராவிட்டால் அந்த ஜூரியை கலைத்துவிட வேண்டும். புதிய ஜூரி வைத்து மறுபடி விசாரிக்கலாம். அதாவது, அந்த 6 பேரில் ஒரே ஒருவர் மட்டும் எனக்கு சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால், அன்று தண்டனையே கிடையாது.

திண்டுக்கல் பூட்டில் உள்ளே இருக்கும் லீவர்கள் அத்தனையும் சரியாக நின்றால்தான் பூட்டு திறக்கும். ஒன்று தவறினாலும் சாவி திரும்பாது. ஒரு மனுஷனை ஜெயிலில் அடைக்கும் பூட்டுக்கு 9-ல் 6 போதும் என்று அன்றைய சட்டம் வைத்திருந்தது.

1945 மே 3-ந் தேதி பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. தீவாந்திர சிட்சை என்று அப்போது சொல்வார்கள். ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது

தீர்ப்பு வந்த பிறகு பேச்சு ஓயவில்லை. தமிழ்நாட்டில் எங்கே பார்த்தாலும் இதே வாதம். பணம் இருந்தால் கொலையும் செய்யலாம் என்ற திமிருக்கு கிடைத்த அடி என்றது ஒரு கூட்டம். மன்னிப்புக்கு ஆசைப்பட்டு ஒருவன் சொன்னதை வைத்து இரண்டு கலைஞர்களை புதைத்துவிட்டார்கள் என்றது இன்னொரு கூட்டம். 3 ஜூரிகளுக்கே நம்பிக்கை வராதபோது எப்படி ஆயுள் தண்டனை என்று கேட்டவர்களும் உண்டு.

சினிமா உலகம் யாருக்காகவும் நிற்கவில்லை. பாகவதர் நடிக்க வேண்டிய படங்கள் வேறு ஆட்களுக்குப் போயின. ஸ்ரீமுருகன் படத்தில் ஹொன்னப்ப பாகவதர் நடித்தார். உதயணன் கதையில் ஜி.என்.பாலசுப்பிரமணியம் நடித்தார். இரண்டும் 1946-ல் வெளிவந்தன. ஹரிதாஸ் மட்டும் பிராட்வேயில் ஓடிக் கொண்டே இருந்தது. காசு கொடுத்து அவர் பாட்டை கேட்க வந்த அதே ஜனங்கள், இடைவேளையில் அவர் கொலைகாரரா இல்லையா என்று பேசிக் கொண்டார்கள்.

லண்டன் வரை போன கேஸ்

தண்டனையை எதிர்த்து அப்பீல் செய்தார்கள். இந்த அப்பீல் வழியே புதுசு. ஐகோர்ட்டில் ஜூரி வைத்து நடந்த வழக்கில், சாட்சியம் சரியா தப்பா என்று கேட்டு அப்பீல் போகும் உரிமை 1943-ல்தான் சட்டத்தில் சேர்ந்தது. இந்த கொலை ஒரு 2 வருஷம் முன்னால் நடந்திருந்தால் அந்தக் கதவும் கிடையாது.

கதவு இருந்தும் முதலில் திறக்கவில்லை. தலைமை நீதிபதி லயனல் லீச், நீதிபதி லட்சுமண ராவ் ஆகியோர் 1945 அக்டோபரில் அப்பீலை தள்ளுபடி செய்தார்கள்.

அதன் பிறகு வழக்கு கப்பல் ஏறியது. அப்போது இந்தியாவுக்கு கடைசி கோர்ட்டு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். அங்கே டி.என்.பிரிட் என்ற பிரபல வெள்ளைக்கார வக்கீல் வாதாடினார். ஜூரி சொல்லிவிட்டார்கள் என்பதற்காக ஐகோர்ட்டு கையை கட்டிக் கொள்ள வேண்டியதில்லை, சாட்சியங்களை முழுசாக அலசிப் பார்க்கும் அதிகாரம் அதற்கு இருக்கிறது, மறுபடி விசாரிக்க வேண்டும் என்று பிரிவி கவுன்சில் வழக்கை சென்னைக்கே திருப்பி அனுப்பியது.

இந்த முறை நீதிபதிகள் ஹாப்பெல், ஷகாபுதீன் விசாரித்தார்கள். பாகவதர் தரப்பில் வி.எல்.எத்திராஜ் வாதாடினார். சென்னையில் பெண்கள் கல்லூரி தொடங்கியவர் என்றால் எல்லாருக்கும் தெரியும். அவர் அதற்கு முன்பு அரசு தரப்பு வக்கீலாகவே இருந்தவர். அப்ரூவரை எப்படி தயார் செய்கிறார்கள், எந்த இடத்தில் கேஸ் இளகும் என்று உள்ளிருந்து பார்த்த ஆள்.

புதிய சாட்சி எதுவும் வானத்தில் இருந்து குதிக்கவில்லை. அதே அப்ரூவர், அதே காகிதங்கள்தான். அதையே 2 நீதிபதிகள் வரி வரியாகப் படித்தார்கள். அப்ரூவர் சொன்னதில் முன்னுக்குப் பின் முரண் இருந்தது. அதை நம்பி யாரையும் தண்டிக்க முடியாது என்று முடிவு செய்தார்கள்.

1947 ஏப்ரல் 25-ந் தேதி பாகவதரும் கிருஷ்ணனும் விடுதலையானார்கள். கைதான நாளில் இருந்து கணக்குப் பார்த்தால் 2 வருஷம் 4 மாதம்.

திரும்பி வராதது

வெளியே வந்தபோது பாகவதருக்கு 37 வயதுதான். குரல் அப்படியே இருந்தது. ஆனால் காலம் அப்படியே இல்லை.

சொந்தமாக ராஜமுக்தி படம் எடுத்தார். 1948-ல் வந்தது, ஓடவில்லை. அதில் சின்ன வேடத்தில் நடித்தவர்களில் ஒருவர் எம்.ஜி.ஆர். அமரகவி, சியாமளா, புதுவாழ்வு என்று அடுத்தடுத்து வந்தும் பழைய கூட்டம் திரும்பவில்லை. ஜனங்களுக்கு பாட்டைவிட வசனம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. நிரபராதி என்று கோர்ட்டு சொல்லியும், பாகவதர் என்றால் அந்த கொலை கேசில் என்று இழுக்கிற பேச்சு மட்டும் நிற்கவில்லை.

அதே வழக்கில் அதே நாளில் வெளியே வந்த என்.எஸ்.கிருஷ்ணன் நல்லதம்பி, மணமகள் என்று மறுபடி எழுந்து நின்றார். சிரிக்க வைக்கிறவரை மன்னித்த சினிமா, பாடியவரை மறந்துவிட்டது. கலைவாணரும் 1957-ல் காலமாகிவிட்டார்.

பாகவதருக்கு சர்க்கரை வியாதி. கடைசி காலத்தில் பார்வையும் மங்கியது. கோவில்களுக்குப் போவதும் கச்சேரி பாடுவதுமாக நாட்களை கழித்தார். 1959 நவம்பர் 1-ந் தேதி சென்னை பொது ஆஸ்பத்திரியில் இறந்தார். 15 வருஷத்துக்கு முன்பு லட்சுமிகாந்தன் உயிர் போனதும் அதே ஆஸ்பத்திரியில்தான். திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் பாகவதரை அடக்கம் செய்தார்கள். அவர் நடித்தது மொத்தம் 14 படங்கள். கடைசி படமான சிவகாமி, அவர் செத்த பிறகு 1960-ல்தான் திரைக்கு வந்தது.

ஜூரி போன கதை

பாகவதர் இறந்த அதே 1959-ல் பம்பாயில் இன்னொரு வழக்கு நாட்டையே உலுக்கியது. கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியோடு பழகியவரை துப்பாக்கியால் சுட்டார். அங்கே பத்திரிகை ஒன்று அவரை வீரனாக கொண்டாடியது. 9 ஜூரிகளில் 8 பேர் குற்றவாளி இல்லை என்றார்கள். நீதிபதியால் அதை ஏற்க முடியவில்லை. ஐகோர்ட்டு ஆயுள் தண்டனை கொடுத்தது. 1961-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது.

சென்னையில் ஜூரி தண்டித்தது, மேல்கோர்ட்டு விடுவித்தது. பம்பாயில் ஜூரி விடுவித்தது, மேல்கோர்ட்டு தண்டித்தது. இரண்டு இடத்திலும் கோர்ட்டுக்கு வெளியே பேப்பரும் பேச்சும் முன்னாடியே தீர்ப்பு எழுதிவிட்டன.

ஜூரி முறை வேண்டாம் என்று சட்ட கமிஷன் 1958-லேயே சொல்லிவிட்டது. 1974 ஏப்ரல் 1-ந் தேதி புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலுக்கு வந்தபோது, கிரிமினல் வழக்குகளில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போனது. அமெரிக்காவில் இன்றும் ஜூரி உண்டு. ஆனால் அங்கே கடும் குற்ற வழக்கில் ஜூரிகள் அத்தனை பேரும் ஒருமனதாக சொன்னால்தான் தண்டிக்க முடியும் என்று 2020-ல் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிவிட்டது. அந்த விதி 1945-ல் சென்னையில் இருந்திருந்தால், 3 பேர் தலையசைக்காத வழக்கில் பாகவதர் ஜெயிலுக்குப் போயிருக்க முடியாது.

ஜூரி போய்விட்டது. அப்ரூவர் போகவில்லை. இன்றைக்கும் பெரிய வழக்கு என்றால் ஒருவர் அப்ரூவர் ஆகிறாரா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சாட்சிய சட்டம், வேறு ஆதாரம் துணை நிற்கிற கூட்டாளி சாட்சியை வைத்துத்தான் தண்டனை என்று வார்த்தையை இறுக்கி எழுதியிருக்கிறது. பாகவதர் காலத்தில் நீதிபதிகள் எச்சரித்ததை இப்போது சட்டமே சொல்கிறது.

இந்த கதையில் இன்னொரு கணக்கும் தீரவில்லை. நடுத்தெருவில் ஒரு மனிதனை குத்திக் கொன்றார்கள். அவர் நல்லவரோ கெட்டவரோ, உயிர் உயிர்தான். லட்சுமிகாந்தனை கொன்றது யார் என்பது 80 ஆண்டு தாண்டியும் வெளிவரவில்லை. தப்பான ஆட்களை பிடித்தால் இரண்டு அநியாயம் நடக்கிறது. நிரபராதி உள்ளே போகிறான், குற்றவாளி வெளியே சுற்றுகிறான்.

பாகவதருக்கு திருச்சியில் அரசு மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது. அவர் பாட்டு இன்றும் ரேடியோவில் வருகிறது. அவருக்குத் திரும்பிக் கிடைக்காதது அந்த 2 வருஷம் 4 மாதமும், அதன் பிறகு வந்திருக்க வேண்டிய நல்ல காலமும்தான்.

அடுத்த தடவை டீக்கடையில் ஒரு கேசைப் பற்றி பேச்சு எழும்போது, டம்ளரை வைப்பதற்கு முன்பு அந்த 3 ஜூரிகளையும் ஒரு நிமிஷம் நினைத்துக் கொள்ளலாம். சுற்றி இருந்தவர்கள் குற்றவாளி என்று சொன்னபோது, எங்களுக்கு நிச்சயம் இல்லை என்று சொன்னவர்கள் அவர்கள். 2 வருஷம் கழித்து ஐகோர்ட்டு வந்து சேர்ந்ததும் அவர்கள் சொன்ன இடத்துக்குத்தான்.